மூன்று மாத ராஜாவும் தெல்தெனிய ஓலையும்

சென்ற கப்பலில் வந்த லண்டன் பத்திரிகை ஒன்றில், நாலாம் பக்கத்தின் அடியில், பதினெட்டு வரியில் ஒரு செய்தி இருந்தது. பாபிலோன் இடிபாடுகளுக்கு அருகே மண் தோண்டியவர்களுக்குச் சாடி சாடியாகக் களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. எல்லாம் வியாபாரிகளின் பத்திரங்கள்: வீட்டுக் குடிக்கூலி, பேரீச்சம்பழம், வாற்கோதுமை. சில பலகைகளில் நேபுகாத்நேச்சார் ராஜா பட்டமேறிய வருஷம் என்று திகதி போட்டிருக்கிறது. ஆனால் அதே சாட்சிகளின் பெயர்கள் பிந்திய ராஜாக்களின் காலத்துப் பத்திரங்களிலும் வருவதால், இது பேர்பெற்ற அந்த நேபுகாத்நேச்சாராக இருக்க முடியாது. அவன் பெயரை எடுத்துக்கொண்டு கலகம் செய்து, மூன்று மாதம்கூட ஆளாமல் கொல்லப்பட்ட ஒருவன் காலத்தவை என்று அறிஞர்கள் நினைக்கிறார்களாம்.

நான் அதைக் கத்தரித்து எடுப்பதை, கோர்ட்டில் இப்போது என் கதிரையில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் பார்த்துவிட்டார்.

"என்னங்க ஐயா, பாபிலோன்ல உங்களுக்குக் காணி கீணி இருக்கா?" என்றார்.

காணி இல்லை. ஆனால் அந்த ராஜாவை எனக்கு நெடுங்காலமாகத் தெரியும். ஓலைகள் கோர்ட்டுக்கு வருவது இப்போது நின்றுவிட்டது. காப்பியும் இலை நோயில் போய்க்கொண்டிருக்கிறது. காப்பி நிலத்துக்காக ஓலைகள் கோர்ட் ஏறிய காலத்தில் நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

நான் முதலில் கொழும்பில் ஒரு பத்திரிகை அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். நாலு வருஷம். அச்சுத்தாளைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கி வாசிக்க அங்கே பழகினேன். அப்படி வாசித்தால் கருத்து கண்ணை மறைக்காது, எழுத்து மட்டும் தெரியும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வரும் என்பதால் கண்டி டிஸ்திரிக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக எடுத்தார்கள். எடுத்தபோதே சந்தேகத்தோடுதான் எடுத்தார்கள். இங்கிலீஷ் ஆட்சிக்கு எதிராகக் கண்டிச் சீமையில் கலகம் நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தும், அந்த நேரம் நீ எங்கே இருந்தாய் என்று ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலும் கேட்டார்கள். பத்திரிகையிலிருந்து வந்தவன் என்பது இன்னொரு குற்றம். நான் கோர்ட் செய்தியை வெளியே எழுதி அனுப்புகிறேன் என்று பலர் நம்பினார்கள். அனுப்பவில்லை என்று நிரூபிக்க வழி எதுவும் இல்லை.

எங்கள் கோர்ட் அப்போது பழைய ராஜாவின் கொலு மண்டபத்திலேயே நடந்தது. செதுக்கிய மரத்தூண்களுக்கு நடுவே நீதிபதியின் மேசை. பியோன்மார் தூணில் சாய்ந்து வெற்றிலை மெல்லக் கூடாது என்று ஓர் உத்தரவு இருந்தது. மெல்லாதவர்களை நான் கண்டதில்லை.

ஓலை ஒன்று சான்றாக வந்தால் இப்படித்தான் செய்வோம். முதலில் கொண்டுவந்தவர் முன்னிலையில் ஏடுகளை எண்ண வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் எழுத வேண்டும். கயிற்றுத் துளை ஒன்றா இரண்டா, துளையைச் சுற்றிக் கயிறு தேய்ந்த வட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய ஓலையில் துளை போடலாம், தேய்மானம் போட முடியாது. பிறகு மை: குங்கிலிய எண்ணெயில் குழைத்த கரி கீறலுக்குள் மட்டும் நிற்கிறதா, அல்லது பழுப்புக் காட்டுவதற்காக மேலெல்லாம் தடவப்பட்டிருக்கிறதா. இவ்வளவும் எழுதி முடித்த பிறகுதான் வாசிப்பு. மனதுக்குள் ஒரு தடவை, மற்றொரு எழுத்தர் கேட்கச் சத்தமாக ஒரு தடவை. மூன்றாம் தடவைதான் பேனாவை எடுப்பது. பூச்சி அரித்த இடத்தில் 'வாசிக்க இயலவில்லை' என்று எழுதலாம். அந்த இரண்டு சொல்லுக்கு மட்டும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. மொழிபெயர்ப்பாளரைத் தேடி வீட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் வந்தார்கள்.

நீதிபதியை நாங்கள் கல்லுத் துரை என்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏணியோடு போய், விகாரைப் பாறைகளில் ஈரத்தாளை ஒட்டித் தட்டி, பழைய எழுத்தைப் பதிவெடுப்பார். மெலிந்த ஆள். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது பொய் சொல்கிறார்கள் என்று பட்டால் பென்சிலைத் தாளின் ஓரத்துக்குச் சரியாக நேர்ப்படுத்தி வைப்பார். பிறகு முதலில் கேட்ட கேள்வியையே வேறு சொற்களில் கேட்பார். சாட்சிகள் அதற்குப் பயந்தார்கள். அவர்களுக்காக வழக்காடும் புரொக்டர்மார் இன்னும் பயந்தார்கள். காப்பி சூடாக வரும், அவர் ஆறவிட்டுத்தான் குடிப்பார்.

நான் சேர்ந்த வாரமே அவர் என்னைக் கூப்பிட்டு ஓர் ஆங்கிலத் தாளைக் கொடுத்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதச் சொன்னார். பாரசீக தேசத்தில் உயரமான ஒரு பாறையில் வெட்டியிருக்கும் எழுத்து அது. தரியு ராஜா பேசுகிறார். நான் பட்டத்துக்கு வந்தேன். அப்போது பாபிலோனில் ஒருவன் எழுந்தான். 'நான் நபோனிதுவின் மகன் நேபுகாத்நேச்சார்' என்று ஜனங்களிடம் பொய் சொன்னான். பாபிலோன் முழுவதும் அவன் பக்கம் போனது. நான் படையோடு போனேன். தைகிரிஸ் ஆற்றை அவனுடைய ஆட்கள் தோணிகளோடு காத்து நின்றார்கள். என் ஆட்களை ஊதிய தோற்பைகளிலும் ஒட்டகங்களிலும் குதிரைகளிலும் ஏற்றிக் கடந்தேன். இரண்டு சண்டை. அவன் சில குதிரைக்காரரோடு பாபிலோனுக்குள் ஓடினான். பிடித்தேன், கொன்றேன். இவ்வளவுதான் அந்த ராஜாவின் சரித்திரம். எழுத்துக்கு மேலே படமும் உண்டு: கைகளைப் பின்னால் கட்டி, கழுத்துக்குக் கழுத்து கயிறு போட்டு, கலகக்காரர்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அவனும் அதில் ஒருவன்.

நான் எழுதியதை அவர் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார்.

"'பொய் சொன்னான்' என்று யார் சொல்வது?"

"பாரசீக ராஜா, துரை."

"அவர் படத்தில் எங்கே நிற்கிறார்?"

"முன்னால்."

"பொய் சொன்னவன்?"

"கயிற்றில்."

"வேறு சாட்சி?"

"இல்லை, துரை."

பென்சிலால் ஒரு சொல்லை வெட்டினார். கலகக்காரனின் பேருக்கு முன்னால் 'துரோகி' என்று நான் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தேன். அச்சகப் பழக்கம். "இது மூலத்தில் இல்லை" என்றார். அவ்வளவுதான். வேலை நிரந்தரமானது. ஆனால் இத்தனை தாள் இருக்க அந்தத் தாளை ஏன் எனக்குக் கொடுத்தார் என்று நான் வெகுநாள் யோசித்தேன். கலகம் நடந்த ஊரில், கலகக்கார ராஜாவைப் பற்றி எழுதச் சொன்னால், சேர்க்கும் சொல்லைக் கொண்டு ஆளை எடைபோடலாம். என்னைச் சோதித்தார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

காசிம் லெப்பையின் வழக்கு இதற்குப் பிறகு வந்தது. தெல்தெனியாவுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பரம்பரையாகத் தாவளம் நடத்தியவர்கள், அதாவது பொதிமாடுகளில் சரக்கு ஏற்றிப் போகிறவர்கள். மலையிலிருந்து உள்தோல் நீங்காத தோல் காப்பியைக் கண்டிக்கு இறக்குவது அவருடைய மாடுகள்தான். மாடுகளை இளைப்பாற விடும் ஓர் ஆற்றங்கரை மேட்டை, கீழே வண்டிப்பாதை வெட்டப் போகும் காப்பித் தோட்டத்துத் துரை, ஊரான் ஒருவனிடம் வாங்கிவிட்டேன் என்று சொல்லி வேலி போட்டார். லெப்பை வழக்குப் போட்டார். மேடு போனால் மாடு கட்ட இடமில்லை, மாடு இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு வேறு பிழைப்பில்லை. பத்து வருஷத்துக்கு மேல் எதிர்ப்பின்றி அனுபவித்ததைக் காட்டினால் நிலம் அவருக்கு. காட்டுவதற்கு அவரிடம் இருந்தது ஓர் ஓலை மட்டும். தகப்பனும் பக்கத்துக் காணிக்காரனும் எல்லை பேசி முடித்து எழுதிக்கொண்டது. நொத்தாரிசு கைச்சாத்து இல்லாத ஓலை உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் அந்தத் திகதியில் மேடு அவர்கள் கையில் இருந்தது என்பதற்குச் சான்றாகும். ஆகவே வழக்கு முழுவதும் திகதியில் நின்றது.

லெப்பைக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. மூங்கில் குழாயிலிருந்து ஓலையை உருவித் தந்துவிட்டுப் போனார். ஒரே ஏடு, பதினாலு அங்குலம், இரண்டு துளை, துளையைச் சுற்றி நல்ல தேய்மானம். மனதுக்குள் வாசித்தேன். திகதி வரிக்கு வந்ததும், பழைய பழக்கப்படி, அதைப் பின்னோக்கி ஒரு தடவை வாசித்தேன். பின்னோக்கி வாசித்தாலும் அதுவே இருந்தது. கலகத்தில் எழுந்து, பழைய அரச வம்சத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு முடிசூடி, சில வாரத்துக்குள் காட்டில் ஒளிந்து பிறகு பிடிபட்ட அந்த ஆளின் பட்டப்பெயர். 'மகாராஜா அவர்களின் முதலாம் வருஷம், முடிசூடிய பதினொன்றாம் நாள்.' ஓலைத் திகதியில் வழக்கமாக இருக்கும் சக வருஷம், அதாவது சாலிவாகன சகாப்தக் கணக்கு, அந்த ஓலையில் இல்லவே இல்லை.

ஓலையை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சத்தமாக வாசிப்பதை மறுநாளைக்குத் தள்ளினேன். அன்று பின்னேரமே தோட்டத்துத் துரையின் புரொக்டருடைய கிளார்க், யாழ்ப்பாணத்தவர், சின்னத்தம்பி என்று பெயர், என் மேசைக்கு வந்து நின்றார்.

"அண்ணை, லெப்பையின்ர ஓலையில திகதி வரி பூச்சி அரிச்சுக் கிடக்குதெண்டு கேள்விப்பட்டன்."

"யார் சொன்னது? அது இன்னும் பூட்டினபடி கிடக்குது."

"பூட்டின அலுமாரிக்குள்ள பூச்சி போகாதோ? எங்கட கந்தோரில இரும்புப் பெட்டிக்குள்ளயே போய்க் கிடந்தது." சிரித்தார். "உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்லுறன். பத்திரிகையில இருந்து வந்த ஆள். அப்பிடியொரு பேரை உங்கட கையால எழுதினால் மேலிடத்தில என்னெண்டு நினைப்பினம்?"

'அப்பிடியொரு பேர்' என்றால் அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஊரில் யாரோ ஓலையை முன்பே வாசித்திருக்கிறார்கள். அல்லது எங்கள் கந்தோரில் யாரோ. அன்றிலிருந்து அலுமாரிச் சாவியைச் சட்டைக்குள் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு நாலு மணிக்கு லெப்பை என் வீட்டு வாசலுக்கு ஒரு பலாப்பழத்தோடு வந்தார்.

"இதைக் கொண்டு போங்க, லெப்பை. வழக்கு நடக்கிற நேரம் நான் எதையும் வாங்க மாட்டேன்."

"பலாப்பழத்துக்கு என்ன ஐயா வாயா ஈக்கி, கோர்ட்டுல வந்து சாட்சி செல்ல?"

"உங்களுக்கு இருக்குதே."

பழத்தைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார். "ஒண்டே ஒண்டு கேக்குறன். அந்த ஓலயில என்ன எழுதி ஈக்கி? எங்கட வாப்பா மவுத்தாகுற நேரம் செல்லினாரு, அந்தக் கொழாய மட்டும் யாருக்கும் தொறந்து காட்டாத எண்டு. நான் தொறந்துட்டன். இப்ப ஊருல ஆரும் என்ட மொகத்தப் பாத்துக் கதைக்கிறல்ல."

சொல்லக் கூடாது என்பது விதி. சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே அறியாதவரா, அல்லது எனக்குத் தெரிந்துவிட்டதா என்று ஆழம் பார்க்க வந்தாரா என்று அந்த வேளையில் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. பழத்தோடு திரும்பிப் போனார்.

விசாரணைக்கு முன் மொழிபெயர்ப்பை நீதிபதியின் அறையில் கொடுத்தேன். வாசித்தார். பென்சிலை எடுத்து, 'மகாராஜா' என்ற சொல்லுக்கு மேலே, 'தன்னை அப்படி அழைத்துக்கொண்ட' என்று மெல்லிதாக எழுதினார்.

"ஓலையில் அது இல்லை, துரை" என்றேன்.

"ராஜா என்று மட்டும்தான் இருக்கிறதா?"

"ராஜா என்று மட்டும்தான்."

பென்சிலைத் தாளின் ஓரத்துக்கு நேர்ப்படுத்தினார். "அந்த வரி சேதமில்லாமல் இருக்கிறதா?"

"சேதமில்லை."

"வேறு யாராவது வாசித்தால், வாசிக்க முடியவில்லை என்று சொல்ல இடமிருக்கிறதா?"

இது எச்சரிக்கையா, வழி காட்டுதலா என்று தெரியவில்லை. "இடமில்லை, துரை" என்றேன். எழுதியதை இறப்பரால் அழித்தார்.

கோர்ட்டில் நான் திகதியை வாசித்தபோது தூணோரத்தில் வெற்றிலை மென்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். எதிர்ப் புரொக்டர் எழுந்தார். ஒன்று, இந்தக் குடும்பம் கலகக்காரனை ராஜாவாக ஏற்ற குடும்பம். அப்படியானால் இந்த ஓலைக்கு மகாராணியின் கோர்ட்டில் என்ன இடம்? இல்லையென்றால், இது பிந்திச் செய்த கள்ள ஓலை. நீதிபதி கேட்டார்: கள்ள ஓலை செய்கிறவன், இருக்கிற திகதிகளை எல்லாம் விட்டுத் தன் கழுத்துக்குக் கயிறான திகதியை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? கையெழுத்தை நிரூபிக்கட்டும் என்றார் புரொக்டர். ஓலை எழுதியவரின் கையெழுத்து மாதிரி ஒன்று வேண்டும், அவருடைய பழைய ஓலையோ கண்முன் எழுதி வாங்கியதோ எதுவானாலும் சரி, மொழிபெயர்ப்பாளர் நேரில் போய் எடுத்து வரட்டும் என்று உத்தரவானது.

வெளியே லெப்பை என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன ஐயா செஞ்சீங்க? அத மட்டும் வாசிக்க ஏலா எண்டு செல்லி ஈந்தா என்ன? நெலம் போனாப் போகட்டும். என்ட புள்ளயளுக்கு இனி எந்தத் தோட்டத்துல பொதி குடுப்பாங்க?"

அப்போதுதான் அவரை நம்பினேன். வாதியும் பிரதிவாதியும் ஒரே பொய்யை என்னிடம் வேண்டிக் கேட்ட வழக்கு என் வேலைக்காலத்தில் இது ஒன்றுதான். ஒருவர் நிலத்தைப் பிடிக்க, மற்றவர் நிலத்தை விட்டு ஓட.

மகாவலியைத் தோணியில் கடந்து, தும்பரைப் பக்கமாக மாட்டு வண்டியிலும் நடையிலுமாகப் போனேன். இரண்டு பக்கமும் காப்பி பூத்து வெள்ளையாகக் கிடந்தது. ஓலை எழுதியவர் அப்புஹாமி, எழுபதுக்கு மேல், மிகவும் ஒடுங்கிய உடம்பு. தாவளக்காரரோடு பழகிய தமிழ் அவருடையது, அதனால் லெப்பையின் பேச்சு போலவே இருந்தது. வந்த காரியத்தைச் சொன்னேன். மறுக்கவில்லை. மரப்பெட்டியிலிருந்து ஓலைக்கட்டை எடுத்துப் பிரித்தார்.

முதலில் எடுத்த ஓலையில் 'மகாராஜா அவர்களின் இரண்டாம் வருஷம்' என்று இருந்தது. அடுத்ததில் ஐந்தாம் வருஷம். அதற்கடுத்ததில் ஒன்பது. கிரகப் பலன், விதை நெல் கடன், பெண் பிள்ளைக்கு எழுதிய சீதனப் பட்டியல், எல்லாவற்றின் தலையிலும் அதே ராஜா. பிடிபட்டுப்போன ராஜா.

"இப்ப எத்தனாம் வருஷம்?" என்று கேட்டேன்.

"பதிமூணு."

"அவரைப் பிடிச்சிட்டாங்களே."

"அதுக்கு முந்தின ராஜாவயும்தான் பிடிச்சாங்க. பிடிச்சா ராஜா இல்லயா?"

"செத்திருந்தா?"

"ஆரு பாத்தது?"

கலகத்துக்கு முன்பு எழுதிய ஓலை ஒன்று, சக வருஷம் போட்டது, இருந்தால் போதும் என்றேன். கலகத்தை அடக்க வந்த சோல்ஜர்மார் வீட்டை எரித்தபோது அவை எல்லாம் போய்விட்டன என்றார். அப்படியானால் இப்போது ஒன்று எழுதித் தாருங்கள், சக வருஷம் மட்டும் போட்டால் போதும் என்று கேட்டேன்.

"அது ராஜா இல்லாத காலத்து வழக்கம். ராஜா வந்தொடன உட்டுட்டன். இப்ப சக வருஷம் போட்டா அது பொய்த் திகதி."

"இதைத் துரை பாப்பார். உங்களுக்குக் கரைச்சல் வரும்."

எழுத்தாணியை விரல் நுனியில் தொட்டுக் கூர் பார்த்தார். "கரைச்சல் வரட்டும். எரிஞ்ச வீட்டுக்கு மூங்கில் எல்லாம் மாட்டுல கொண்டாந்து தந்தது லெப்பைட வாப்பா. அவரு காச கேட்டதில்ல. நெலம் அவங்களுக்கு ஈக்கணும்."

என் முன்னாலேயே எழுதினார். இன்று கண்டியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் வந்தார், லெப்பையின் எல்லை ஓலையை எழுதியது நானே, என்று மூன்று வரி. தலையில் பதின்மூன்றாம் வருஷம். கரி தடவி, துடைத்து, என் கையில் தந்தார். திரும்பி வரும்போது தோணியில் அதை ஆற்றில் போட்டுவிடலாம் என்று எண்ணினேன். போட்டால் நிலம் போகும். வைத்திருந்தால் கிழவர் போவார். தோணிக்காரன் என்னையே பார்த்துக்கொண்டு வந்ததாகப் பட்டது. அவனும் யாரோ ஒருவருக்குச் சொல்லக்கூடியவன்தான். ஓலை சட்டைக்குள்ளேயே இருந்தது.

நீதிபதி இரண்டு ஓலைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். எழுத்துகளின் வளைவைக் கவராயத்தால் அளந்தார். ஒரே கை என்பதில் ஐயமில்லை. புதிய ஓலையை வாசிக்கச் சொன்னார். திகதியோடு வாசித்தேன். இடையில் இருக்கும் வருஷ ஓலைகளைக் கண்டாயா என்று கேட்டார். கண்டேன் என்றேன். காப்பி ஆறி ஆடை கட்டியது.

"ஒரு வருஷமும் விடாமல் எண்ணி வருகிறான்" என்றார். "அப்படி எண்ணுகிறவனுடைய முதலாம் வருஷத்தை நான் நம்பத்தான் வேண்டும்."

தீர்ப்பு லெப்பைக்குச் சாதகமாக வந்தது. வேலியைப் பிடுங்க உத்தரவானது. சில தோட்டங்கள் அவருக்குப் பொதி கொடுப்பதை நிறுத்தின, சில நிறுத்தவில்லை. மேட்டில் மாடுகள் நின்றன. ஆனால் புதிய ஓலைக்குச் சான்று இலக்கம் போடப்படவில்லை என்பதை நான் கவனித்தேன். நீதிபதி அதைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். அதற்காகத் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை.

மூன்று வாரம் கழித்து அப்புஹாமிக்கு அழைப்பாணை போனது. யார் மூலம் வெளியானது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சின்னத்தம்பி தானில்லை என்று தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. லாச்சிச் சாவி நீதிபதியிடம் மட்டும்தான் இருந்தது. அந்த மண்டபத்தில் குற்ற வழக்குகளைப் பார்க்கும் நீதவான் வேலையும் அவருடையதே என்பதால், அழைப்பாணையில் கையெழுத்தும் அவருடையதே.

கலகத்தில் சேர்ந்தவர்களுக்கு மன்னிப்புப் பிரகடனம் வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஆகவே பழைய குற்றம் எதையும் சாட்டவில்லை. ஒரு பிணை முறி எழுதியிருந்தார்கள். இனிமேல் மகாராணியைத் தவிர வேறு எந்த அரசரின் பெயரையும் எந்த எழுத்திலும் எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்டு கைச்சாத்திட வேண்டும். மறுத்தால் சிறை. அறையில் நீதிபதி, நான், கிழவர், கதவடியில் ஒரு பியோன். நான் முறியை வரி வரியாகச் சிங்களத்தில் சொன்னேன். அப்புஹாமி தலையை அசைத்துக் கேட்டார். விளங்கியதா என்று கேட்டேன். விளங்கியது என்றார்.

இரும்புப் பேனாவை அவர் அதற்கு முன் பிடித்ததில்லை. எழுத்தாணி போல நிமிர்த்திப் பிடித்து, தாள் கிழியாத அளவுக்கு அழுத்தி, மெதுவாக எழுதினார். பெயர் அரை வரியில் முடிந்தது. பேனா நிற்கவில்லை. இன்னும் ஒரு வரி போனது, அவருடைய ஓலைகளின் தலையில் நான் கண்ட அதே வரி. நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தும் வரும்போதே வாசித்தேன்.

நீதிபதி கையை நீட்டித் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்கிறான்?"

"கைச்சாத்து, துரை."

பென்சிலை எடுத்து முறியின் ஓரத்துக்கு நேர்ப்படுத்தி வைத்தார்.

"இந்த ஒன்றரை வரியில் அவனுடைய பெயர் எதுவரை வருகிறது?"

"முழுவதும் பெயர்தான், துரை. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வீட்டுப் பெயர், பாட்டனார் பட்டம், ஊர் எல்லாம் சேர்த்துத்தான் பெயர்."

பாறையில் தேய்ந்துபோன எழுத்தைத் தடவிப் பார்த்தே இனங்காண்கிறவர் அவர். நடப்புச் சிங்கள எழுத்து அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை நான் எந்நாளும் கண்டுபிடிக்கவில்லை. அந்த வரியை அவர் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்கு ஒரு தடவை பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கிழவர் ஜன்னல் வழியே வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி மை ஒற்றும் தாளை எடுத்து அந்த ஒன்றரை வரியின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார்.

"மொழிபெயர்ப்பாளர் சாட்சிக் கையெழுத்து" என்றார்.

அதற்கு நேர் கீழே நான் என் பெயரை எழுதி, இங்கிலீஷ் திகதியைப் போட்டேன்.